பெயர் மறக்கும், சாதி மறக்காது

செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாள். நடைப்பயிற்சி போங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், குறுக்கெழுத்துப் போடுங்கள் என்று விழிப்புணர்வு முகாம்களில் சொல்வார்கள். சரிதான். ஆனால் டிமென்ஷியா எனும் மறதிநோயில் சாதிக்கு என்ன வேலை என்று அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நோய் வருவதிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் இது அதிகம். 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் கல்விக் குறைவும் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு வெளியே இந்தச் சமூகம் யாரை நிறுத்தி வைத்தது? அந்தப் பாட்டிகள் வழி தெரியாமல் தெருவில் நின்றால், "வயசானா அப்படித்தான்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. நோய் என்று பெயர் கிடைப்பதற்கே வசதி வேண்டியிருக்கிறது.

அடுத்தது பராமரிப்பு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை அபார்ட்மென்ட்களில் முதியவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஏஜென்சிகள் ஆள் அனுப்புகின்றன. என் ஆய்வுக்காக நான் சந்தித்த அந்தப் பெண்களில் பலர் தலித்துகள். நகரத்துக்குள்ளிருந்து பிடுங்கி எறியப்பட்டு பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியேற்றப்பட்டவர்கள். வந்தவாசி, திண்டிவனம் பக்கமிருந்து வந்தவர்கள்.

இந்த நோயில் அண்மை நினைவுகள் முதலில் போகும், பழையவை நெடுநாள் தங்கும். பேச்சில் இருந்த கட்டுப்பாடும் தளரும். ஆகவே பெற்ற மகனின் பெயர் மறந்த பிறகும், சிறுவயதில் கற்ற சாதி வசவு நாக்கில் நிற்கிறது. தன்னைக் குளிப்பாட்டித் துடைத்துவிடும் பெண்ணைப் பார்த்து அது வருகிறது. "நோயாளி, மனசுல வச்சுக்காதம்மா" என்கிறது குடும்பம். சரி, அந்த முதியவருக்கு நோய். அதே பெண்ணுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்கும் மகனுக்கு என்ன நோய்?

சட்டமும் வாசலோடு நின்றுகொள்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி சாதி இழிவுரை பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். வெளியார் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தது அதில் சேராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கு சுவர்களுக்குள்ளேயே 24 மணி நேரமும் வேலை செய்பவள் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவாள்?

"மூன்று ஷிப்டுக்கு ஆள் வைக்க எங்களால் முடியுமா?" என்று நடுத்தரக் குடும்பங்கள் கேட்கின்றன. முடியாதுதான். ஆள் வைக்க முடியாத வீடுகளில் மகளும் மருமகளும் வேலையை விட்டு அந்தச் சுமையைச் சுமக்கிறார்கள். ஆனால் அரசிடம் கேட்க வேண்டியதை வேலைக்கு வந்தவளின் தூக்கத்திலிருந்து பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. தனிச் சட்டத்தின் தேவையை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தாம்பரம் மாநகராட்சியில் மண்டலத்துக்கு ஒரு இலவசப் பகல்நேரப் பராமரிப்பு மையம். சேரிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் வீடு தேடிவரும் மறதிநோய்ப் பரிசோதனை. ஏஜென்சிகளுக்குக் கட்டாயப் பதிவு. வீட்டோடு தங்குபவர்களுக்கு வரையறுத்த வேலைநேரம், வார விடுமுறை, பயிற்சிச் சான்று. வீட்டுக்குள் நடக்கும் சாதி இழிவையும் தண்டிக்கும் சட்டத் திருத்தம்.

டயப்பர் மாற்றுவது இழிவான வேலை அல்ல. அது பயிற்சியும் பொறுமையும் கேட்கும் செவிலியம். பிறப்பைப் பார்த்து அதை ஒருத்தியின் தலையில் கட்டி, சாப்பாட்டைத் தனித் தட்டில் போடுவதுதான் இழிவு. சாதி ஒழிப்பைத் தெருவில் பேசும் தோழர்களே, நம் தாத்தா படுத்திருக்கும் அறையிலும் அதைப் பேசுவோம்.