பேரம் மென்பொருள் பேசட்டும், பொறுப்பு முதலாளியுடையது

ஏற்றுமதி நிறுவனங்களும் வெளிநாட்டு பையர்களும் கொள்முதல் பேரத்தைத் தானியங்கி மென்பொருள் முகவர்களிடம் விடத் தொடங்கியிருக்கும் நேரத்தில், திருப்பூரில் ஜாப் வொர்க் செய்யும் சிறு யூனிட்டுகளின் சங்கமாக எங்கள் நிலைப்பாட்டைச் சொல்கிறோம்.

மென்பொருள் பேரம் பேசுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. கனடாவில் வால்மார்ட் 2021-இல் நடத்திய சோதனையில் 89 சப்ளையர்களை மென்பொருள் பேச அழைத்தது. 64 சதவீதம் பேருடன் உடன்பாடு முடிந்தது. ஆள் வைத்துப் பேசக் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கப்பட்ட சிறியவர்களுக்கும் பேச வாய்ப்புக் கிடைத்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் அதில் வால்மார்ட்டுக்குக் கிடைத்தது விலைக் குறைப்பு மட்டுமல்ல, பணம் கொடுக்கக் கூடுதல் அவகாசமும்தான்.

எங்களுக்கு உறுத்துவது அந்த அவகாசம். ஓவர்லாக் தையலில் பீஸுக்குச் சில காசு குறைந்தால் எப்படியோ சமாளிப்போம். பில் பணம் ஒரு மாதம் தள்ளினால் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டும். மென்பொருளுக்கோ விலையும் தவணையும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும் இரண்டு எண்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுதி ஒப்புக்கொண்டாலும் தவணை 45 நாளைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பைப் பேரத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

இன்னொரு அபாயமும் உண்டு. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகமும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் வடிவமைத்து 2003-இல் நடந்த போட்டியில், கணினி தயாரிக்கும் ஆலைகளாக ஆறு மென்பொருள் முகவர்கள் 220 நாள் ஆட்டம் ஆடின. முதல் நாளில் உதிரிபாகம் மலிவு என்று கண்டுகொண்டதும், பல முகவர்கள் ஆட்டம் முழுவதற்கும் வேண்டிய சரக்கை அன்றே கேட்டுக் குவித்தன. தனித்தனியே பார்த்தால் எல்லாம் புத்திசாலித்தனமான முடிவுதான். சேர்ந்தபோது சப்ளையர்களின் உற்பத்தித் திறன் அந்த ஆர்டர்களிலேயே முடங்கிப்போனது. மாதம் பிறந்தால் நூல் விலை அறிவிப்புக்குக் காத்திருக்கும் எங்கள் ஊரில் இது நடந்தால், கடைசியில் நூல் கிடைக்காமல் மெஷினை நிறுத்துவது சிறிய யூனிட்தான். ஆகவே மென்பொருள் ஒரே நாளில் வாங்கும் அளவுக்கு உச்சவரம்பு வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 11 தெளிவாக இருக்கிறது: ஒருவர் தானாக இயங்கும்படி அமைத்த கணினி அனுப்பும் செய்தி, அவரே அனுப்பியதாகும். "சிஸ்டம் தப்பாகப் போட்டுவிட்டது" என்று ரேட்டை மாற்றுவதை ஏற்க மாட்டோம். எங்கள் உறுப்பினர் மென்பொருள் வைத்தாலும் இதே விதிதான். பேரத்தின் முழுப் பதிவும் இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும்.

பேரம் மென்பொருள் பேசினாலும், ஷேடு மாறி வந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டலாமா வேண்டாமா என்று சொல்ல, அதிகாரமுள்ள ஒரு மெர்ச்சண்டைசரின் பெயரும் கைபேசி எண்ணும் ஒவ்வொரு ஆர்டரிலும் இருக்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை ஆகும் தாமதத்துக்கு யூனிட்டிடம் பிடித்தம் செய்யக்கூடாது.

இந்த நிபந்தனைகள் எழுத்தில் இல்லாத மென்பொருள் ஆர்டர்களை எங்கள் உறுப்பினர்கள் இனி எடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்கள் பேசியபடியே முடித்துத் தரப்படும்.