முழு விலை கொடுத்த பின்னும் முடியாத விலை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு லண்டனில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரல் அடைத்திருந்தது. வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

"பிள்ளை, உவன் என்ரை காட்டிலை 186 பவுண் செலவழிச்சுப் போட்டானடி. பன்னிரண்டு வயசிலை களவெடுக்கப் பழகிட்டான். நான் எங்கை பிழை விட்டனான் எண்டு தெரியேல்லை" என்று அழுதார்.

விடயம் இதுதான். பிறந்தநாளுக்கு மகன் கேட்டான் என்று 60 பவுண் கொடுத்து ஒரு கார் ஓட்டப் போட்டி விளையாட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரவு வேலை செய்து சேர்த்த காசு. மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தால், அந்த விளையாட்டின் பெயரில் இரண்டு பவுண், நான்கு பவுண், எட்டுப் பவுண் என்று வரிசையாகக் கழிந்திருக்கிறது. மகனுக்கு அடி விழுந்தது. விளையாட்டுப் பெட்டி அலுமாரிக்குள் பூட்டப்பட்டது. இரண்டு நாளாகத் தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

பெறாமகனிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாக இருந்தவன் பிறகு சொன்னான்: "சின்னம்மா, நான் களவெடுக்கேல்லை. முதல் தரம் அம்மாட்டைக் கேட்டுத்தான் வாங்கினனான். அதுக்குப் பிறகு காட் நம்பர் ஒண்டும் அது கேக்கேல்லை. அமத்தினால் சரி. நான் எவ்வளவு நல்லா ஓடினாலும் காசு குடுத்து நல்ல கார் எடுத்தவங்கள்தான் வெல்லுறாங்கள். பெட்டி வாங்கினால் நல்ல கார் வரும் எண்டு நினைச்சன். வந்ததெல்லாம் என்னட்டை இருக்கிறதுதான்."

உண்மையைச் சொல்கிறேன். முதலில் இது வசதியுள்ள நாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் நாள்தோறும் சந்திப்பது நுண்கடன் தவணைக்காகத் தோட்டை அடகு வைக்கும் பெண்களை. அவர்களின் கண்ணீருக்கு முன்னால் வீடியோ விளையாட்டு என்ன பெரிய விடயம்? ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தபோது, இரண்டிலும் ஒரே தந்திரம் இருப்பது தெரிந்தது. பெரிய தொகையைச் சிறு சிறு துண்டாக்கிக் காட்டினால் மொத்தம் கண்ணில் படாது. ஆகவே இதைப் பற்றித் தேடி வாசித்தேன். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தச் சிறு கொள்வனவுகளை ஆங்கிலத்தில் மைக்ரோ ட்ரான்ஸாக்ஷன் என்கிறார்கள். இலவசமாகக் கொடுக்கும் விளையாட்டில் இப்படிக் காசு கேட்பதையாவது ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். கம்பனிக்கு விற்பனை விலை என்று ஒன்றும் கிடைப்பதில்லை. முழு விலைக்கு விற்ற விளையாட்டுக்குள்ளும் மீண்டும் கையேந்துவதுதான் விளையாடுபவர்களைக் கோபப்படுத்துகிறது. சேலையை முழு விலைக்கு வாங்கி வந்து விரித்தால், முந்தானைக்கு வேறு காசு என்று சொல்வது போன்றது அது.

தொடக்கம் சிறிதாகவே இருந்தது. 2006ஆம் ஆண்டு பெதஸ்டா என்ற கம்பனி, ஒப்லிவியன் என்ற தனது விளையாட்டில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்றது. பலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் வாங்கியவர்களும் இருந்தார்கள். வழி திறந்துவிட்டது.

பதினொரு ஆண்டுகளின் பின் 2017 நவம்பரில் பெரிய சண்டையே வந்தது. இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி ஸ்டார் வோர்ஸ் பட்டில்ஃபிரன்ட் 2 என்ற விளையாட்டை 60 டொலர் விலையில் வெளியிட இருந்தது. ஸ்டார் வோர்ஸ் படங்களைப் பார்த்தவர்களுக்கு டார்த் வேடரையும் லூக் ஸ்கைவோக்கரையும் தெரியும். அவர்களாக மாறி விளையாடத்தான் பிள்ளைகள் அதை வாங்குவார்கள். ஆனால் முன்கூட்டியே விளையாடிப் பார்த்தவர்கள் கண்டது என்ன? அந்த இரு நாயகர்களும் பூட்டியிருந்தார்கள். ஒருவரைத் திறக்க விளையாட்டுக்குள் 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 40 மணித்தியாலம் விளையாட வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேலைக்குப் போகும் ஒருவரின் முழு வாரம் அது!

அதோடு உண்மைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய பெட்டிகளும் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்த பிறகுதான் தெரியும். அதிலிருந்து கிடைக்கும் அட்டைகள் ஆட்டத்தில் பலத்தைக் கூட்டும். ஆக, காசு உள்ளவன் கை ஓங்கும். திறமை உள்ளவன் பின்னுக்கு நிற்பான். என் பெறாமகனின் முறைப்பாடும் இதுவேதான்.

நாயகர்களை உழைத்துத் திறந்தால்தான் விளையாடுபவருக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் வரும் என்ற பொருளில் கம்பனி ஒரு விளக்கம் கொடுத்தது. அந்தப் பதிலுக்கு ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் விழுந்தன. கின்னஸ் புத்தகத்திலும் அது இடம்பிடித்தது. கம்பனி நாயகர்களின் விலையை 75 வீதம் குறைத்தது. ஆனால் கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் 20,000 இலிருந்து 5,000 ஆகக் குறைத்துவிட்டது. சம்பளத்தைக் குறைத்துவிட்டு அரிசி விலையையும் குறைத்தோம் என்று சொல்வது போல. கோபம் அடங்கவில்லை. கடைசியில் வெளியீட்டு நாளான நவம்பர் 17க்கு முதல் நாள், காசு கொடுத்து வாங்கும் வசதி முழுவதையும் கம்பனி நிறுத்தியது. 2018 மார்ச்சில், பலத்தைக் கூட்டும் பொருட்களை இனிக் காசுக்கு விற்பதில்லை, தோற்றத்தை மாற்றும் பொருட்களை மட்டுமே விற்போம் என்று அறிவித்தது. வாங்குபவர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தால் பெரிய கம்பனியும் இறங்கிவரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். செலவு ஏறிக்கொண்டே போனாலும் அமெரிக்காவில் பெரிய விளையாட்டுகளின் வழக்கமான விலை 2020 வரை பல ஆண்டுகளாக 60 டொலராகவே இருந்தது. இது உண்மைதான். ஆனால் 70 டொலராக ஏறிய பிறகும் பெட்டி வியாபாரம் நிற்கவில்லை. ஏனென்றால் அதில் வரும் காசு அப்படி. இதே இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனிக்கு, உதைபந்தாட்ட வீரர்களின் அட்டைப் பொதிகள் முதலியவற்றை விற்கும் அல்டிமேட் டீம் என்ற பகுதியிலிருந்து மட்டும், 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 160 கோடி டொலருக்கு மேல் வருமானம் வந்தது. மொத்த வருமானத்தில் அது 29 வீதம்.

இனி, உள்ளே இருப்பது தெரியாமல் காசு கொடுத்துப் பெட்டி வாங்குவது சூதாட்டமா, இல்லையா? திருவிழாக் கடையில் காசு கொடுத்துச் சீட்டு இழுக்கப் பிள்ளை அடம்பிடித்தால் நாம் கையைப் பிடித்து இழுத்து வருகிறோம். இதற்கு மட்டும் வேறு பெயரா?

நாடுகள் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 ஏப்ரலில், மூன்று பிரபல விளையாட்டுகளின் பெட்டிகள் தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று முடிவு செய்தது. அதன் பின் 2019 தொடக்கத்தில் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் அங்கே உதைபந்தாட்டப் பொதிகளுக்கான புள்ளிகளை விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் அதே கம்பனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. பிரித்தானியாவில் பாராளுமன்றக் குழு ஒன்று 2019இல் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. கிடைக்கும் பரிசுக்குக் காசுப் பெறுமதி இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது சூதாட்டம். அரசாங்கம் 2022 ஜூலையில் சட்டத்தை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்துப் பொறுப்பைக் கம்பனிகளிடமே விட்டது. பெற்றோரின் சம்மதமில்லாமல் 18 வயதுக்குட்பட்டவர்கள் பெட்டி வாங்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2023இல் அத்துறையினர் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாவில் 2024 செப்டெம்பரிலிருந்து, காசுப் பெட்டி உள்ள புதிய விளையாட்டுகளுக்குக் குறைந்தது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான தரம் கொடுக்கப்படுகிறது.

நான் படித்த சமூகவியல் எனக்குக் கற்றுத் தந்த ஒரு பாடம்: தனிமனிதரின் பலவீனம் என்று நாம் பழி போடும் பலவற்றுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கும். இங்கும் அப்படித்தான். பல விளையாட்டுகளில் காசைக் காசாகக் காட்டமாட்டார்கள். வைரம், பளிங்கு, நாணயம் என்று மாற்றிவிடுவார்கள். 800 நாணயம் தேவையென்றால் 500 அல்லது 1,000 நாணயப் பொதிதான் விற்பனைக்கு இருக்கும். மிச்சம் 200 கையில் கிடந்து அடுத்ததை வாங்கத் தூண்டும். அந்த ஏற்பாட்டை வளர்ந்தவர்களே விளங்கிக்கொள்ளச் சிரமப்படும்போது, 12 வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

இதை அக்காவுக்கு விளக்கினேன். "அப்ப பிழை முழுக்க அவங்களிலையோ? இவனுக்கு ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேட்காமல் அமத்தியது அவனுடைய பிழை. அட்டை இலக்கத்தைப் பதிந்துவைத்துவிட்டு மறந்தது உங்களுடைய பிழை. ஆனால் அந்தப் பிழைகள் நடக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தவன் வியாபாரி. களவு என்ற சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, அது பிள்ளையின் மனதில் தங்கிவிடும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, நான் அவனோடை கதைக்கிறன்" என்றார்.

கம்பனிக்கு எழுதியதில் ஏறத்தாழ அரைவாசிக் காசு திரும்பி வந்தது. மிகுதிக்காக வாரத்தில் இரண்டு நாள் கோப்பை கழுவுவதாக அவனே ஒப்புக்கொண்டானாம்.

நம் வீடுகளில் 60 பவுண் விளையாட்டுகள் குறைவு. ஆனால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு வந்த பிறகு, பல பிள்ளைகளின் கையில் தொலைபேசி தங்கிவிட்டது. அதில் உள்ள விளையாட்டுகளும் இதே வழியில்தான் காசு கேட்கின்றன. ஆகவே சில விடயங்களைக் கவனியுங்கள்.

பிள்ளை விளையாடும் தொலைபேசியிலோ இயந்திரத்திலோ வங்கி அட்டை இலக்கத்தைப் பதிந்து வைக்காதீர்கள். கொள்வனவுக்கு ஒவ்வொரு தடவையும் இரகசிய எண் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். அது தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள், வெட்கமில்லை. வெளிநாட்டு உறவினர் விளையாட்டு வாங்கி அனுப்பினால் உறையைப் பாருங்கள். விளையாட்டுக்குள் கொள்வனவு உண்டு என்ற குறிப்பு 2018இலிருந்தும், என்ன கிடைக்கும் என்று தெரியாத பொருட்களும் விற்கப்படுகின்றன என்ற குறிப்பு 2020இலிருந்தும் அமெரிக்க, ஐரோப்பியத் தர அடையாளங்களோடு சேர்க்கப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணித்தியாலம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, "இதை எப்படி விளையாடுறது, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். காசு கேட்கும் இடத்தை அவர்களே உங்களுக்குக் காட்டுவார்கள்.

போன கிழமை பெறாமகன் தானாகவே தொலைபேசி எடுத்தான். அலுமாரி திறந்துவிட்டதாம். "சின்னம்மா, இப்ப பழைய காரிலைதான் ஓடுறன். மூண்டாவதா வந்தனான்" என்றான்.

அவனுடைய குரலில் சந்தோசம் இருந்தது.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.