தண்ணியில கண்டம்

'கம்ப்யூட்டர் பக்கத்தில் டம்ளரைக் கொண்டு வராதே' என்று ஆபீஸில் திட்டு வாங்கிய தலைமுறை நாம். இப்போதைய பையன்கள் காசு கொடுத்து அதன் வயிற்றுக்குள்ளேயே தண்ணீரை ஓட விடுகிறார்கள். பிராசஸர் தலையில் ஒரு செப்பு டப்பா, ஒரு குட்டி பம்ப், நாலு முழம் குழாய், ஒரு ரேடியேட்டர், அதில் மூன்று ஃபேன். லாரி மெக்கானிக்கிடம் காட்டினால், "இது நம்ம ஐட்டம்தானே சார்?" என்பார். உண்மையும் அதுதான்.

காரணம் எளிது. ஒரே கன அளவு காற்றைவிட, தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். விழுப்புரத்தில் ரயில் ஏறி விருத்தாசலம் வழியாகத் திருச்சி போனால், அங்கே என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறந்து வைத்த 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரும் திரவக் குளிர்ச்சி ஜாதிதான். வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. அங்கெல்லாம் குழாயையும் பம்பையும் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. நம் வீட்டில் நாம்தான் ஆள்.

திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் தம்பி ஒருத்தன், வைகாசி முகூர்த்த சீசன் நடுவில் ஒரு திங்கட்கிழமை எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, பத்து நிமிஷம் ஓடுது. அப்புறம் தானா ஆஃப் ஆயிடுது. மாப்பிள்ளை வியாழக்கிழமை துபாய் கிளம்புறாரு. படத்தைக் கொடுத்தாத்தான் பாக்கிப் பணம் வரும். அதை வச்சுத்தான் கேமரா டியூ கட்டணும்."

"தண்ணி மாத்தி எவ்வளவு நாள் ஆச்சு?"

"மாத்தணுமா?"

விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஆபீஸ் முடிந்து பஸ் ஏறினேன். கேபினட்டின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பத்திரமாக இருந்தன. உள்ளேதான் விஷயம். ஆரம்பத்தில் இளநீர் மாதிரி இருந்திருக்க வேண்டிய தண்ணீர், இப்போது கோயில் குளம். படிக்கட்டும் தவளையும்தான் பாக்கி.

"என்ன தண்ணிடா ஊத்தினே?"

"கேன் தண்ணிண்ணா. குடிக்கிறதுதான். சுத்தமா இருக்கும்."

குடிக்க நல்ல தண்ணி வேறு, மெஷினுக்கு நல்ல தண்ணி வேறு. இது புது ஞானம் இல்லை. எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்து வந்த மீட்டர் கேஜ் ரயில்கள், விழுப்புரத்தில் நீராவி எஞ்சினுக்கு மாறித் தெற்கே போன காலம் ஒன்று உண்டு. அந்த எஞ்சின்களைக் குறித்த நாளில் ஆற வைத்து, பாய்லரைத் திறந்து, உள்ளே படிந்த காரையைக் கழுவி விடுவார்கள். எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிட மாட்டார்கள்.

கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கும். அது உலோகத்தை அரிக்க உதவும். கேபினட்டின் கலர் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்குத் தம்பி மாட்டியிருந்தது விலை மலிந்த அலுமினிய ரேடியேட்டர். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. அலுமினியம் அரித்துக் கரைய ஆரம்பிக்கும். செப்பு டப்பாவுக்குள் இருப்பதோ அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சந்துகள். பாசியும் அழுக்கும் அங்கே போய் அடைத்துக்கொள்ள, பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கடையைச் சாத்திவிட்டது.

வியாழனுக்குள் புது ரேடியேட்டர் வராது. "பழைய ஃபேன் எங்கேடா?" என்றேன். பரணில் இருந்தது. தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, பிராசஸருக்குப் புது பேஸ்ட் தடவி, ஃபேனை மாட்டினோம். சத்தம் கிரைண்டர் மாதிரி. ஆனால் நிற்கவில்லை. வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். புதன் இரவு படம் மாப்பிள்ளை வீட்டில்.

கவனித்தீர்களா? பராமரிக்காத தண்ணீரைவிடப் பரணில் கிடந்த ஃபேன் உசத்தி. ஆபீஸ் கணக்கு, கடிதம், கொஞ்சம் சினிமா என்று இருப்பவர்களுக்கு ஃபேனே போதும்.

இல்லை, தண்ணிதான் வேண்டும் என்கிறீர்களா? பேஷாக. அடுத்த மாதம் செப்பு ரேடியேட்டர் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். செப்பு டப்பாவைத் திறந்து, மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் சந்து சந்தாகத் தேய்க்கவும். அக்ரிலிக் மூடியில் ஸ்பிரிட் படக்கூடாது, விரிசல் விடும். ரேடியேட்டர் புதிதானாலும் உள்ளே தொழிற்சாலைத் தூசி இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை கொட்டுங்கள். குழாய் பால் நிறமாகியிருந்தால் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டவும். ரப்பர் வளையங்கள் நசுங்கியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு ரெடிமேட் கூலன்ட், அல்லது டிஸ்டில்ட் வாட்டரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து. கண்டதைக் கலக்க இது கூட்டு இல்லை. மதர்போர்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஜம்பர் பிளக் போட்டு, பம்பை மட்டும் ஓட விடுங்கள். வெறும் பம்ப் ஓடக்கூடாது, கெட்டுவிடும். இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் கோள் சொல்லிவிடும். தம்பிக்கு ஒரு மூட்டில் விழுந்தது. இறுக்கினோம். கரண்ட் போகாததால் மதர்போர்டு பிழைத்தது.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தண்ணீர் ஃபிரிட்ஜ் அல்ல. அறையில் 38 டிகிரி என்றால், ரேடியேட்டர் தலைகீழாக நின்றாலும் தண்ணீர் 38-க்குக் கீழே இறங்காது. நம்ம ஊர்க் கத்திரி வெயிலில் அழுக்குத் தண்ணீருக்கு மன்னிப்பே கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. தேதி மறக்கும் என்பவர்களுக்குக் காலண்டரிலேயே வழி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, கத்திரி பிறக்குமுன் சித்திரையில் ஒரு தடவை.

பொட்டு தாராளமாக வையுங்கள். தண்ணியை மாற்றிவிட்டு வையுங்கள். சரஸ்வதி பாசியில் வழுக்கி விழக்கூடாது, பாருங்கள்.