கம்பெனியைச் சோதித்தார்கள், கம்ப்யூட்டரை?

"இது சைனா கம்பெனியாச்சே, நம்பி வாங்கலாமா சார்?" புதிதாக லேப்டாப் வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இது.

அமெரிக்க அரசும் இதைக் கேட்டது. 2004 டிசம்பரில் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டர் பிரிவை சீனாவின் லெனோவோவுக்கு 175 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. அந்நிய முதலீட்டால் நாட்டுக்கு ஆபத்து உண்டா என்று பார்க்க அங்கே 1975 முதல் ஒரு குழு இருக்கிறது. அது அலசிப் பார்த்து 2005 மார்ச்சில் சம்மதித்தது.

தேவையான சோதனைதான். ஆனால் அது நம் வீட்டு மேஜை வரை வராது. 2014-ல் லெனோவோ சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாப்ட்வேரைப் பதிந்தே விற்றது. நமக்கும் வங்கித் தளத்துக்கும் நடுவே அது புகுந்துகொள்ளும்; பிரவுசரில் பூட்டுக் குறி மட்டும் ஒழுங்காகத் தெரியும்! எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி வேறு. 2015 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. தயாரித்தது யார் தெரியுமா? கலிபோர்னியாவில் இருந்த ஓர் அமெரிக்க நிறுவனம்.

முதலாளியின் நாட்டைக் கேட்பவர்கள், உள்ளே இருக்கும் புரோகிராம் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் விசாரித்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்திடுங்கள். சூப்பர்ஃபிஷ் அதற்கும் மசியவில்லை; அதன் சான்றிதழை விண்டோஸிலிருந்து தனியே நீக்க வேண்டியிருந்தது.