முதுகைத் தொடுமுன்

மலையகத்திலே லயத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பசு வெறும் கால்நடையன்று. பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் மாத முடிவிலே கடைக் கணக்குக்கும் கைகொடுப்பது அதன் பாலேயாம். அப்பசு நோயுற்றால் அதனை யார் கையில் ஒப்படைப்பது? இவ்வாரம் இதனையே சிந்திப்போம்.

எல்ல நகரை அடுத்த தோட்டமொன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். நேற்றுக் கன்று ஈன்ற பசு இன்று காலை எழவில்லை. தலையை விலாப்புறம் மடித்துக் கிடக்கிறது, காதுகள் குளிர்ந்திருக்கின்றன. "இடுப்பு பிசகிப் போச்சு தங்கச்சி, நீவி விட்டாச் சரியாயிரும்" என்கிறார் அயல் லயத்துப் பெரியவர்.

அவர் நெஞ்சிலே கள்ளமில்லை. ஆயினும் இவ்வடையாளங்கள் பெரும்பாலும் குறிப்பது பாற்காய்ச்சலையே. பெயர்தான் காய்ச்சல், உடலோ குளிர்ந்துவிடும். பால் பெருகிச் சுரக்கும்போது இரத்தத்திலே கல்சியம் குறைந்து, தசைகள் வலுவிழக்கின்றன. மிருக வைத்தியர் நாளத்தின் வழியே கல்சியம் செலுத்தினால், பசு பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். நீவிக்கொண்டே பொழுதைப் போக்கினாலோ மாண்டும் போகலாம். அம்மருந்தையும் விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆகவே அது கண்டவர் கைக்கு உரியதன்று.

மேல்நாடுகளிலே முள்ளந்தண்டைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் 'கைரோபிராக்டிக்' என்னும் முறை உண்டு. 1895இல் அமெரிக்காவின் டவென்போர்ட் நகரிலே மனிதருக்கெனத் தோன்றிய அம்முறை, பின்னர் குதிரைக்கும் நாய்க்கும் வந்தது. மிருகங்களுக்கு அதனால் விளையும் பயனுக்கு ஆராய்ச்சிச் சான்று இன்னும் சொற்பமே. அங்குள்ள மிருகக் கைரோபிராக்டிக் சங்கமும், மிருக வைத்தியராகவோ கைரோபிராக்டராகவோ உரிமம் பெற்று, மேற்பயிற்சியும் முடித்தவருக்கே சான்றிதழ் அளிக்கிறது.

நம் நாட்டிலே மிருக வைத்தியரின் பதிவுக்கென 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவேட்டைப் பேணுவது இலங்கை மிருக வைத்திய சபை. அதற்குரிய பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்திலே நடைபெறுகிறது.

ஆதலால், மாட்டின் முதுகிலோ நாயின் முதுகிலோ கைவைக்க வருபவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். சபையிலே பதிவு உண்டா? இம்முறையை எங்கே, எவ்வளவு காலம் கற்றீர்கள்? எந்த நோயிலே இதைச் செய்யலாகாது? மூன்றாம் வினாவே முக்கியமானது. "எல்லா நோய்க்கும் என் கை போதும்" என்பவரிடம் வாயில்லாச் சீவனை ஒப்படைக்க வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, அருகிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை இன்றே சுவரில் எழுதி வையுங்கள். வைத்தியர் வரும்வரை பசுவைப் பக்கவாட்டில் சாய விடாது, மார்பு தரையில் பட நிமிர்த்தி இருத்துங்கள். அடியிலே வைக்கோலோ உலர்ந்த புல்லோ பரப்புங்கள். வாயிலே கஷாயம் ஊற்றலாகாது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பசுவை நிமிர்த்திப் பிடிக்க வலுவுள்ள கைகள் வேண்டும். அயல் லயத்துப் பெரியவரை அதற்கு அழையுங்கள், அன்போடு வருவார்.