போட்டிக்கா, இதழுக்கா? ஒரு கதையை எங்கே அனுப்புவது

எங்கட கூட்டத்தில் ஒருத்தி போன வருசம் ஒரு சிறுகதை எழுதினாள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அப்பப்பா ஒருவர், வேலை இல்லாத நாளிலும் விடியவெள்ளன எழும்பி உட்துறைமுக வீதிப் பக்கம் நடந்துபோய் நிற்கிறதுதான் கதை. வாசிச்ச நாங்கள் எல்லாரும் நல்லாயிருக்கெண்டு சொன்னம். ஒரு போட்டிக்கு அனுப்பினாள். முடிவு வர எட்டு மாதம். அவளின்ர பெயர் இல்லை. ஏன் இல்லையெண்டு சொல்லவும் ஆளில்லை. அதுக்குப் பிறகு அவள் கதையே எழுதேல்லை. கேட்டால், "எனக்கு வராது போல" எண்டுறாள்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களில் கதை எழுதிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி இருக்கு. கையில் ஒரு கதை இருக்கு, போட்டிக்கு அனுப்புவதா, இதழுக்கு அனுப்புவதா?

போட்டியைக் குறை சொல்ல முதல் அதன்ர நன்மையையும் சொல்ல வேணும். முடிவுத் திகதி எண்டு ஒன்று இல்லாட்டி எங்களில் பாதிப் பேர் கதையை முடிக்கவே மாட்டம். பெயரை மறைச்சு நடுவரிடம் கொடுக்கிற போட்டியில், ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. அறிமுகம் இல்லாத ஒருவருக்கு அது பெரிய நியாயம். பரிசுப்பணமும் மாணவருக்குச் சின்ன விசயமில்லை. எங்கட சிற்றிதழ்கள் பெரும்பாலும் கைக்காசில் வருகிறவை. அவற்றிடம் சன்மானம் எதிர்பார்க்க ஏலாது.

ஆனால் போட்டி கதையைப் பூட்டி வைக்கும். 'இதுவரை எங்கும் பிரசுரமாகாதது' என்ற நிபந்தனையால் முடிவு வரும்வரை அந்தக் கதையை வேறெங்கும் கொடுக்க முடியாது. வெல்லாட்டி ஒரு வாசகர்கூட இல்லாமல் திரும்பி வரும். அதைவிட மோசம், நாங்கள் நடுவருக்காக எழுதப் பழகிவிடுகிறம். முதல் பந்தியில் ஒரு சாவு, கடைசிப் பந்தியில் ஒரு அறிவுரை. எங்கட பழைய கதைகளை எடுத்துப் பார்த்தால் எது போட்டிக்கு எழுதினது என்று எங்களுக்கே பிடிபடுது.

கொட்டியாரக் குடாவுக்கு அந்தப்பக்கம் மூதூர். அங்கே ஆசிரியராக இருந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அது வெளிவந்த நூலுக்குக் கிடைத்த பரிசு. பத்திரிகைகளில் எழுதி எழுதி, வாசகர் கையில் கதைகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பரிசு வந்தது.

டொமினிக் ஜீவாவையும் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினவர். அந்தப் பரிசோட அவர் நிற்கேல்லை. 1966இல் 'மல்லிகை' தொடங்கி, 2012 வரை நடத்தினார். பரிசு ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்கும். இதழ் இருந்தால் பல பேர் எழுதலாம் என்று அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பழைய மல்லிகைகளை 'நூலகம்' இணையத்தளத்தில் நாங்கள் இப்பவும் வாசிக்கிறம். போட்டியில் ஆறுதல் பரிசு எடுத்த கதை எத்தனை பேரின்ர பைலுக்குள்ள சான்றிதழோட சேர்ந்து கிடக்குதோ!

இதழ்களிலும் குறை இருக்கு. பதிலே வராது. தெரிஞ்ச பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஆசிரியர்மாரிடம் நாங்கள் கேட்கிறது இரண்டு வரிதான்: கிடைத்தது, போடுகிறம் அல்லது போடேல்லை. முடிஞ்சால் ஏன் என்று இன்னொரு வரி. போட்டி நடத்துபவர்களிடம் ஒரு நடுவர் குறிப்பு. புதுசா எழுத வாறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எங்கட முடிவு இதுதான். மனசுக்கு நெருக்கமான கதை முதலில் இதழுக்குப் போகவேணும். மூன்று மாதம் பார்த்து, பதில் வராட்டி ஒருக்கா விசாரிச்சு, மீளப் பெறுவதாக அறிவிச்சிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புறதில்லை. போட்டிக்கென்றால் புதுசா ஒன்று எழுதுவம். அதுவும் தெரிவான கதைகளை அச்சில் கொண்டுவாற போட்டிக்குத்தான். 'ஞானம்' மாதிரி இதழ்களே நடத்துகிற போட்டி என்றால் இரண்டு நன்மையும் சேரும்.

திருகோணமலையிலிருந்து வந்த ஒரு கவிதை இதழின்ர பெயரே 'நீங்களும் எழுதலாம்'. "எனக்கு வராது போல" எண்டவளுக்கு அந்தப் பெயரைச் சொன்னம். சிரிச்சாள். அப்பப்பா கதையை இதழுக்கு அனுப்ப இன்னும் சம்மதிக்கேல்லை. ஆனால் நேற்று, கடைசிப் பந்தியை மாத்த வேணும் எண்டு சொல்லி அந்தக் கொப்பியைத் திருப்பிக் கேட்டவள்.