கலராக ஒரு போட்டோ

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சாயங்காலம் மூன்று ரக இளைஞர்களைப் பார்க்கலாம். தொப்பையைக் குறைக்க நடப்பவர்கள், நடக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து போனில் பேசுபவர்கள், போட்டோ எடுப்பவர்கள். இந்த வாரம் மூன்றாவது ரகத்துக்கு.

மெப்ஸில் ஆபீஸ் விட்டு வந்து சேர்வதற்குள் சூரியன் இறங்கிவிடும். அப்புறம் எடுக்கிற படத்தில் நண்பர் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி இருப்பார். அல்லது நீலமாக, கர்ணனின் கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு கண்ணனுக்குத் தம்பி மாதிரி.

தப்பு கேமரா மேல் இல்லை. பொய் சொல்வது நம் மூளை. குண்டு பல்பு வெளிச்சத்திலும் வெள்ளைச் சட்டையை 'வெள்ளை' என்றே காட்டி நம்மைச் சமாதானப்படுத்துகிறது. கேமரா உள்ளதை உள்ளபடி சொல்கிறது. நமக்குப் பிடிக்கவில்லை.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். மெழுகுவத்தி சுமார் 1900. சோடியம் தெருவிளக்கு 2000. குண்டு பல்பு 2800. உச்சி வெயில் 5500. 'கூல் டேலைட்' என்று வாங்குகிறோமே, அந்த எல்.இ.டி. 6500. சூரியன் விழுந்த பின் நீல வானம் 10,000-ஐத் தாண்டும். எண் ஏறினால் நீலம், இறங்கினால் மஞ்சள். ஒயிட் பேலன்ஸ் என்பது, 'இதில் எது வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுப்பது. அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுக்காமல் ஆட்டோவில் விட்டால் அதுவாக ஊகிக்கும். ரொம்ப எளிய ஊகம், 'படத்தின் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரணும்' என்பது. பிலிம் காலத்து லேப் மெஷின்களும் இதையே நம்பின. சிவப்புப் பட்டு, பின்னால் சிவப்புத் திரை என்றால், 'ஐயோ, சிவப்பு அதிகம்' என்று குறைத்துவிடும். பழைய கல்யாண ஆல்பங்களில் சில மணப்பெண்கள் பச்சையாக இருப்பது இதனால்தான். மாப்பிள்ளையைப் பார்த்ததால் அல்ல.

ஏரியில் சூரியன் விழும்போதும் அதே கதை. ஆரஞ்சு வானத்தை 'நோய்' என்று நினைத்து ஆட்டோ வைத்தியம் பார்த்துவிடும். அங்கே ஒயிட் பேலன்ஸில் சூரியன் படம் போட்ட குறியை வையுங்கள். வானம் பிழைக்கும்.

எடுத்து முடித்த படமா? ஸ்னாப்சீட் மாதிரி ஆப்பில் ஒரு சொட்டுக்குழாய் இருக்கும். படத்தில் நிறமில்லாத இடத்தைத் தொட்டால் மற்றதைத் தானே திருத்தும். எல்லாரும் வெள்ளை வேட்டியைத் தொடுவார்கள். வேண்டாம் சார். நீலம் போட்டு அலசின வேட்டி கொஞ்சம் நீலம்தான். அதை வெள்ளை என்று சொன்னால் ஆள் மஞ்சளாகிவிடுவார். சிமெண்ட் சுவர் உத்தமம்.

ஒரு பக்கம் பெட்டிக்கடை பல்பு, மறுபக்கம் நீல வானம் என்றால் ஒரே திருத்தம் இரண்டுக்கும் போதாது. முகத்தை ஏதாவது ஒரு வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஆரஞ்சு சோடியம் விளக்கில் பாதிதான் மீட்கலாம். அதிலேயே குறைந்த அழுத்த ரகம் 589 நானோமீட்டர் மஞ்சளை மட்டும் கக்கும். அதில் நீலம், பச்சை, சிவப்பு வித்தியாசமே பதிவாகாது. கறுப்பு வெள்ளையாக்கி 'ஆர்ட்' என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் படங்களில் கொஞ்சம் ஜாதகத்தோடு போகிறவை.

"கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க சார்!"

'கலராக இருக்கிறான்' என்றால் கலர் குறைவு என்று அர்த்தமாகிற பாஷை நம்முடையது. இதில் வெளிநாட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. கோடாக் கம்பெனி லேப்களுக்கு நிறம் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒன்று அனுப்பியது. அதில் வெகுகாலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. மற்றவர்கள் அவரவர் அதிர்ஷ்டம். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990-களின் நடுவில்தான் வந்தது. போனில் இதைச் சரிசெய்கிறோம் என்று கூகுள் 'ரியல் டோன்' கொண்டுவந்தது 2021-ல், பிக்சல் 6-ல்.

மாநிறத்து முகத்தில் மஞ்சளை முழுசாகத் துடைத்தால் வெளுப்பு வராது. சாம்பல் பூசின மாதிரி ஆகும். நம் தோலிலேயே மஞ்சளும் சிவப்பும் உண்டு. அதனால் முக்கால்வாசி திருத்திவிட்டு நிறுத்துங்கள். கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தால் சாயங்காலம் என்று தெரியும். எடுக்க வேண்டியது விளக்கின் நிறத்தை, ஆளின் நிறத்தை அல்ல.

அதையும் மீறி ஆளை வெளுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பெண் வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் எரியும். அங்கே யாரும் உங்களுக்கு ஒயிட் பேலன்ஸ் பண்ண மாட்டார்கள்.